மிஞ்சிய பொட்டுகள்

பெட்டியில் பதினாறு பொட்டுகள் இருக்க வேண்டும் என்றது ஏடு. செலஸ்தினா எண்ணியபோது முப்பத்தொன்பது இருந்தன. மேசையில் கொட்டி, ஐந்தைந்தாக ஒதுக்கி மறுபடியும் எண்ணினாள். அதே முப்பத்தொன்பது. இருபத்து மூன்று மிச்சம்.

குறைந்திருந்தால் அன்றைக்கே விசாரணை வைத்திருப்பார்கள். மிஞ்சினால் யார் கேட்கப் போகிறார்கள்? அனுப்பியவன் ரெண்டு கைப்பிடி கூடப் போட்டிருப்பான், விட்டுத் தள்ளு என்று சொல்லிவிட்டு எதிர் மேசைச் சந்தியாகு டீ குடிக்கப் போய்விட்டார். அவளால் விட முடியவில்லை. பன்னிரண்டு நாளாகவே அவளால் எதையும் விட முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வீட்டில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, பானை தீய்ந்த வாசம் வந்த பிறகு ஓடினாள்.

பொட்டு என்றால் நெற்றிப் பொட்டு இல்லை. கடலுக்குள் இறங்குகிறவன் முதுகில் சுமக்கும் சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டர் என்று ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. இறுக்கி அடைத்த காற்றை மூச்சுக்கு ஏற்றபடி அளந்து விடுவது அதன் வேலை. அந்தக் குமிழுக்குள் காற்றின் வழியை மூடித் திறப்பது குண்டுமணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைத்தான் பராமரிப்பு அறையில் பொட்டு என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். போன வருஷத்தது வெள்ளை, இந்த வருஷத்தது நீலம். தேய்ந்த பொட்டு என்றைக்காவது ஒருநாள் மூட மறுக்கும், அப்போது காற்று பீறிட்டு அடித்து சிலிண்டர் ரெண்டே நிமிஷத்தில் காலியாகும்.

மன்னார் வளைகுடாவில் காற்றாலைகளை நட்ட பிறகு தூத்துக்குடியில் குளியாளிகளுக்கு மறுபடி மவுசு வந்திருந்தது. சங்கு குளித்த காலத்துப் பெயர்தான் அது. இப்போது சங்கு இல்லை, காற்றாலைக் கால்களில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிறார்கள். சங்கத்தில் முப்பத்து நாலு குளியாளிகள், சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த அறுபது செட்டு. அறுபதும் செலஸ்தினா கையையோ சந்தியாகு கையையோ தாண்டித்தான் கடலுக்குப் போகும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இருபத்தேழாம் செட்டோடு இறங்கிய தஸ்நேவிஸ், எண்பதடி ஆழத்திலிருந்து தக்கை மாதிரி மேலே வந்தான். அப்படி வரக் கூடாது. நின்று நின்று, ரத்தத்தில் கரைந்த காற்று வெளியேற நேரம் கொடுத்துத்தான் ஏற வேண்டும். படகில் இருந்தவர்கள் அவனைத் தூக்குகிற அவசரத்தில் வார்களை அறுத்தார்கள், செட்டு கடலோடு போயிற்று. ஆள் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. காற்று பீச்சியடித்தது, வாயில் நிற்கவில்லை என்று அவன் படகிலேயே சொன்னானாம். விசாரணை வந்தது. செட்டு இல்லை, ஏடு இருந்தது. ஜூலை ஒன்பதில் இருபத்தேழுக்கு முழுப் பராமரிப்பு, பொட்டு மாற்றியது காலை பத்து நாற்பத்தாறு, பணியாளர் செலஸ்தினா. ஆகவே கருவியில் பழுதில்லை. பதற்றத்தில் விதியை மீறி ஏறினார் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஒரு குளியாளியைக் குடிகாரன் என்று சொல்லலாம், சண்டைக்காரன் என்று சொல்லலாம், சிரித்துக்கொண்டே போவான். பயந்து ஏறினான் என்று மட்டும் சொல்லக் கூடாது. தஸ்நேவிஸ் பெயரைச் சங்கப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் தாயார் பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். செலஸ்தினா அவன் மூத்த மகளுக்கு ஞானத்தாய், இருப்பது அதே தெரு. அவன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவளுக்கு நடை வேகமாகிவிடும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏடு என்பது கோடு போட்ட நோட்டுதான். கிரீஸ் கையோடு எழுதியதில் பாதி புரியாது. பிறகு திரை வந்தது. ஒரு செட்டுக்கு நாற்பத்தோரு கேள்வி, நாற்பத்தொன்றுக்கும் 'ஆம்' அழுத்த வேண்டும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஏடு. மேசைக்கு மேலே ஒரு கண், கையில் மெல்லிய உறை. நீ உன் வேலையைப் பார், எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல எல்லாம் தானே பதிவாகும். விரல் மறைத்து அதன் கண்ணுக்குத் தெரியாமல் போவதை, அந்தக் கை அடுத்து என்ன செய்யும் என்ற பழக்கத்தை வைத்து அதுவே நிரப்பிக்கொள்ளும். செலஸ்தினா கையை அது ஆறாயிரம் தடவை பார்த்திருக்கிறது. பெற்ற தாய்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

சட்டமும் பின்னாலேயே வந்தது. ஏட்டுக்கு எதிரான நினைவு சாட்சியம் ஆகாது. அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள், செலஸ்தினாவும் தட்டினாள். மறதிக்காகத் திட்டு வாங்குவது இனி இல்லை என்று சந்தோஷமாகவே இருந்தது.

அறையில் ஆள் இல்லாதபோது அவள் கேட்டாள்.

"இருபத்தேழுக்கு ஜூலை ஒம்பதுல நான் பொட்டு மாத்துனேனா?"

"மாற்றினீர்கள். காலை பத்து நாற்பத்தாறு."

"நீ கண்ணால பாத்தியா?"

"பதிவு முழுமையாக உள்ளது."

"நான் அதைக் கேக்கல. பாத்தியா, நீயா நிரப்புனியா?"

"பதிவு முழுமையாக உள்ளது."

மூன்று தடவை கேட்டாலும் அதே பதில். சந்தியாகு டீ குடித்து வருவதற்குள் அவள் அறையை எட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டாள். ஜூலை ஒன்பது. அன்றைக்கு என்ன? ஏதோ வேலை பாதியில் நின்றது. கொடியில் போட்டிருந்த துணிகளை மழைக்கு எடுத்த நாளா? இல்லை. வெயில். வெயிலில் கறுப்புக் குடை பிடித்து நடந்தார்கள். ரொசம்மா டீச்சர் அடக்கம்.

மணி அடித்திருக்கிறது.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கோயிலில் துக்க மணி அடித்தால் இந்த ஊர்க் குளியாளிகள் மூச்சுக் கருவி எதையும் திறந்த வாயோடு வைக்க மாட்டார்கள். இப்போதுதான் ஒரு மூச்சு நின்றிருக்கிறது, அது நுழைய இடம் தேடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கரையில் இருப்பவன் சிலிண்டரைத் திருகி மூடுவான். அறையில் இருப்பவர்கள் கையில் பிரித்து வைத்த ரெகுலேட்டரைச் சட்டென்று பூட்டிவிட்டு எழுவார்கள். அந்த நேரத்தில் புதுச் சாமான் எதையும் உள்ளே வைக்கவும் கூடாது, எது உள்ளே இருந்ததோ அதையே வைத்து மூட வேண்டும். பொட்டு வைப்பது பராமரிப்பில் கடைசி வேலை. எனவே மணி அடிக்கும்போது திறந்திருக்கும் எந்த செட்டும் பழைய பொட்டோடுதான் மூடும். நல்லடக்கம் முடித்து, மறுநாள் வந்து திறந்து, புதுசு வைக்க வேண்டும்.

ஏட்டைச் செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்கள் ஊரில் மணி அடித்தால் பள்ளிக்கூடம் விடும், அவ்வளவுதான். ஏடு பார்த்ததெல்லாம் இதுதான்: செலஸ்தினா கை திறந்தது, பொட்டை எடுத்தது, விரலுக்குள் மறைத்து ஒரு பொட்டை வைத்தது, மூடியது. பொட்டு மாற்றிப் பார்த்த தடவையெல்லாம் அந்தக் கை அடுத்து வைத்தது புதுசு. இதுவும் புதுசுதான் என்று எழுதிக்கொண்டது. மறுநாள் வந்து பார்த்தால் அலமாரியில் அந்த செட்டுக்கு மேல், வேலை முடிந்ததென்று பச்சை விளக்கு.

ஜனவரியில் முதல் தடவை அப்படி நடந்தபோது அவளுக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. ஏட்டைக் கேட்டாள். ஆயிற்று என்று மணி நிமிஷத்தோடு சொன்னது. தன் மறதியை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

சந்தியாகு வந்து உட்கார்ந்ததும் இதையெல்லாம் அவரிடம் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி.

"எனக்கும் ஒருநாள் சந்தேகம் வந்திச்சு தங்கச்சி. மாத்தலைன்னுதான் மனசு சொல்லிச்சு. ஆச்சுன்னு ஏடு சொல்லுது. நான் பெருசா அது பெருசா? விட்டுட்டேன்."

"தஸ்நேவிஸ் அங்க கட்டையா கெடக்கான் அண்ணே."

"தெரியும். நீ இப்ப கிண்டுனா அவன் எந்திரிச்சு நடந்துருவானா? நீயும் நானும்தான் படுப்போம்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். செலஸ்தினாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. சும்மா இருந்தால் அவளுக்கு ஒரு தூசும் ஒட்டாது. உலகத்திலேயே பெரிய சாட்சி, அவள் குற்றமற்றவள் என்று எழுதி வைத்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் தத்தம் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் திங்கட்கிழமை மழைக்காலத்துக்கு முந்தைய பெரிய சுத்தம். முப்பத்து நாலு பேரும் இறங்குகிறார்கள்.

சனிக்கிழமை காலை கோயில் ஆபீசுக்குப் போய், உபதேசியாரிடம் மரணப் பதிவேட்டைக் கேட்டாள். அது இன்னும் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம்தான். மணி அடித்த நேரத்தைக்கூட அவர் அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். நீலப் பொட்டு வந்த ஜனவரியிலிருந்து வேலை நேரத்தில் துக்க மணி அடித்தது பன்னிரண்டு நாள். ரெண்டு மேசை, மேசைக்கு ஒரு செட்டு, இருபத்து நாலு. அதில் ஒருநாள் சந்தியாகு லீவு. இருபத்து மூன்று.

செத்தவர்கள் கணக்கும் பெட்டியில் மிஞ்சிய கணக்கும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. உபதேசியார், யாருக்கும்மா பூசை வைக்கணும் என்று கேட்டார். அவள் வேகுவேகென்று அறைக்கு நடந்து, அந்தந்த நாளில் மேசையில் இருந்த செட்டுகளை ஏட்டில் பார்த்துப் பட்டியல் எழுதினாள். இருபத்து மூன்றில் ஒன்று கடலுக்கடியில் கிடக்கிறது, மற்ற இருபத்து இரண்டும் பச்சை விளக்குக்குக் கீழே தொங்குகின்றன.

பதினாலாம் செட்டு மார்ச்சில் மணி அடித்த நாளில் அவள் மேசையில் இருந்தது. உறையை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தாள். உள்ளே வெள்ளைப் பொட்டு. விளிம்பில் நகம் பட்டாலே உதிரும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை இரு விரலில் தூக்கி ஏட்டின் கண்ணுக்கு நேரே காட்டினாள். எழுது என்றாள்.

ஏடு எழுதியது. நீலப் பொட்டு அகற்றப்பட்டது, வெள்ளைப் பொட்டு வைக்கப்பட்டது, பணியாளர் செலஸ்தினா, காலை பதினொன்று இருபது.

அதன் நியாயம் அதற்கு. உள்ளே இருந்தது நீலம் என்று அதற்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அதுவே எழுதியது. இப்போது வெள்ளை தெரிகிறது. அப்படியானால் இந்தக் கைதான் மாற்றியிருக்க வேண்டும். அலமாரியில் பதினாலுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நிமிஷம் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள்.

மேலாளர் மச்சாது சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஏட்டை வாசித்துக் காட்டினார். அவள் மணியைப் பற்றிச் சொன்னாள், பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள், மிஞ்சிய பொட்டைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, ஞானப்பிள்ளையின் அப்பனுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்வது தனக்குப் புரிகிறது என்றார். அதற்காக ஒரு நல்ல செட்டில் பழைய பொட்டை வைத்துச் சாட்சி ஜோடிக்கலாமா என்று வருத்தத்தோடு கேட்டார். அவள் உறைகளை வாங்கிப் பூட்டினார்கள். அறைக்குள் வரக் கூடாது, நல்லா ஓய்வெடு என்று அனுப்பினார்கள். அவள் சொன்னதைப் பொய் என்றிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். இரக்கப்பட்டார்கள், அதுதான் தாங்கவில்லை.

ஞாயிறு பூசையில் பாதியில் எழுந்து வெளியே வந்தாள். கடற்கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். தானே தவறாக நினைக்கிறோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பதினாலுக்குள் நீலம் இருந்து, தன் கையே அதை எடுத்துவிட்டதோ? இன்னும் ரெண்டு நாள் சும்மா இருந்தால் இதையும் நம்பிவிடுவோம் என்று புரிந்தது.

திங்கள் விடிந்ததும் படகுத்துறைக்குப் போய்விட்டாள். செட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குளியாளிகளுக்குத் தலைவர் சில்வேரா, ஐம்பதைத் தொட்டவர், எதற்கும் அவசரப்படாதவர். அவள் வழிமறித்து நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைச் சங்கதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"நீ சொன்னா நம்பத்தான் ஆசை செலஸ்தினா" என்றார் சில்வேரா. "ஆனா பதினாலத் தொறந்து நீ என்ன செஞ்சேன்னு ஏட்டுல இருக்கே."

"அது என் கையப் பாத்து எழுதுனது அண்ணே. என் கை புதுசுதான் வைக்கும்னு அதுக்கு மனப்பாடம். உள்ள புதுசுதான் இருக்குன்னு முடிவு பண்ணிட்டு, வெளிய வந்த பழச நான் வச்சதா எழுதிருச்சு."

"அப்ப சந்தியாகு தொறந்தா?"

"அவரு கையும் அதுக்கு மனப்பாடம்."

"பெறகு யாரு கையப் பாத்துத்தான் அது உள்ளத உள்ளபடி எழுதும்?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். அதுவரை செலஸ்தினா அதை யோசிக்கவே இல்லை. அவர் கைகளைப் பார்த்தாள். சிப்பி கீறிக் கீறிக் காய்த்துப்போன, தடித்த விரல்கள்.

"ஒங்க கையப் பாத்து" என்றாள். "நீங்க இதுவரைக்கும் ஒண்ணைத் தொறந்ததே இல்ல. அடுத்து என்ன செய்வீங்கன்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததை அது எத வச்சு நிரப்பும்?"

சில்வேரா தன் விரல்களை விரித்துப் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதும்பாங்க. நாம அத நம்பி மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம்" என்றார். பிறகு தன் செட்டை இறக்கச் சொன்னார். முப்பத்தொன்று. அவள் பட்டியலில் இருந்தது.

இறங்கும் முன் செட்டை வைத்துக் காட்டுவதற்குத் துறையில் ஒரு சின்ன மேசை உண்டு, அதன் மேலும் ஏட்டின் கண் இருந்தது. சில்வேரா உறையை மாட்டப் பார்த்தார். விரல் நுழையவில்லை, நுனியை வெட்டி மாட்டினார்கள். செலஸ்தினா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றாள்.

"புதிய கை" என்றது ஏடு. "முன்பழக்கம் இல்லை. தெரிவதை மட்டும் எழுதுகிறேன்."

அவள் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு அவருக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. இடது பக்கம் திருகுங்கள் என்றால் வலது பக்கம் திருகினார். சுருள்கம்பி ஒன்று தெறித்துப் போய் யாரோ ஒருவன் சட்டைப் பைக்குள் விழுந்தது, அத்தனை பதற்றத்திலும் சிரித்துவிட்டார்கள். அவளுக்குக் கை பரபரத்தது. போய்ப் பிடுங்கித் தானே திறந்துவிடலாம் போல இருந்தது, பின்னால் இருந்த கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுவில் மச்சாது வேர்க்க விறுவிறுக்க வந்து, பயிற்சி இல்லாதவர் கருவியைத் தொடக் கூடாது என்றார். சில்வேரா தலை நிமிராமல், ஏடு பார்த்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் தடுத்தால் அதையும் எழுதும் என்றார். மச்சாது நின்றுவிட்டார்.

கடைசியில் பொட்டு வெளியே வந்தது. சில்வேரா அதை மேசையில் வைத்து, கையை எடுத்தார்.

"பொட்டு, வெள்ளை" என்றது ஏடு. "கடந்த ஆண்டுக்குரியது. தேய்மானம் அபாய அளவில்."

ஏட்டுக்கே அதற்கு முந்தைய வரியில் தான் நீலம் என்று எழுதியது பற்றி எந்த வெட்கமும் இல்லை. பிறகு அடுத்தவன் தன் செட்டை மேசைக்குக் கொண்டுவந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. முரட்டுக் கைகள், தப்புத் தப்பாய்த் திருகும் கைகள், செலஸ்தினா தொண்டை வற்ற வழி சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குள் அவள் பட்டியலில் இருந்து துறைக்கு வந்த பத்தொன்பதையும் திறந்துவிட்டார்கள். பத்தொன்பதும் வெள்ளை. அன்றைக்கு ஒரு படகும் கிளம்பவில்லை.

பத்து நாளில் புதிய அறிக்கை வந்தது. தஸ்நேவிஸ் விதிப்படி நடந்துகொண்டார், விபத்துக்குக் காரணம் பராமரிப்புப் பணியாளர் செலஸ்தினாவின் கவனக்குறைவு. அவள் உரிமம் ரத்து, வழக்கு பின்னால் வரும். சந்தியாகுவுக்கு எட்டு மாதம் முன்னதாகவே ஓய்வு. ஏடு நிரப்பிக்கொண்டதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருந்தது, மிக அரிதான சூழ்நிலை என்று. இனி அப்படி நேராமலிருக்க ஒரு பரிகாரமும் சொல்லியிருந்தார்கள். பராமரிப்பு அறைக்கு வெளிச்சத்தம் புகாத கண்ணாடி போட வேண்டும், பணி நேரத்தில் மணியோசை காதில் விழக் கூடாது. மறுவாரமே கண்ணாடி வந்து இறங்கியது.

அறிக்கை வந்த அன்று மாலை செலஸ்தினா ஆஸ்பத்திரிக்குப் போனாள். துறையில் மற்ற செட்டுகளைத் திறந்தது காதில் விழுந்திருந்தாலும், கடலோடு போன இருபத்தேழைப் பற்றி அவன் குடும்பத்துக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று ஆபீசில் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது.

தஸ்நேவிஸ் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். அவன் மனைவி கொரற்றி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார முடியாமல் செலஸ்தினா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன்தான் முதலில் பேசினான்.

"எக்கா, எனக்கே இப்ப நிச்சயமில்ல. காத்து பீச்சுன மாதிரித்தான் இருந்திச்சு. ஆனா செட்டு நல்லா இருந்திச்சுங்குது ஏடு. அப்ப நான்தான் பயந்து ஏறியிருக்கேன். பயந்தவனுக்குத் தான் பயந்தது தெரியாதாம்லா, டாக்டர் சொன்னாரு."

"நீ பயப்படல" என்றாள்.

"சும்மா சொல்லாதீங்க."

"நீ பயப்படல. பொட்டு பழசு. காத்து போனது நெசம். அத மாத்தாம மூடுனது நான்."

அவன் முகம் என்னவோ ஆயிற்று. கோபம் வரும் என்று அவள் தோளை இறுக்கிக்கொண்டாள். அவன் வாய்விட்டு அழுதான், நடுவில் சிரித்தான். கொரற்றி, கேட்டியா, நான் பயப்படலயாம், நான் பயப்படலயாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கொரற்றி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இவங்ககிட்டயும் ஒருதடவ சொல்லுங்க."

செலஸ்தினா சொன்னாள். பொட்டு பழசு, மாத்தாம மூடுனது நான். அந்த அம்மாள் அவள் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகளை எங்கே ஒளிப்பது என்று செலஸ்தினாவுக்குத் தெரியவில்லை. அடுத்து தஸ்நேவிஸின் தம்பி வந்தான், அவனிடம் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து என்ன விஷயம் என்றார், கொரற்றி அவருக்கும் சொல்லச் சொன்னாள். தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லி முடித்ததும் அந்த வீட்டு ஆட்களின் முகம் மலர்ந்தது. அவள் செய்த தவறு அவர்களுக்கு நல்ல சேதியாக இருந்தது. திட்டுவதற்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. யாராவது ஒருவர் திட்டினால் நன்றாக இருக்குமே என்று அவள் ஏங்கினாள்.

பார்வை நேரம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். தஸ்நேவிஸ் அழுது ஓய்ந்திருந்தான். போர்வைக்கடியில் அசையாமல் கிடந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதிலிருந்து இந்த நேரம் வரை அவன் அவள் முகத்தை ஒருதடவையும் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை.

"நாளைக்கு மணப்பாட்டுல இருந்து மாமா வாராரு" என்றான். "பயந்தாங்கொள்ளின்னு அவருதான் முதல்ல சொன்னது. அவருக்கும் நீங்களே வந்து சொல்லணும்."

மணப்பாட்டில் அவனுக்கு நாலு மாமன்மார் இருப்பது அவளுக்குத் தெரியும். "வாரேன்" என்றாள்.